வளைவில்லாத றோட்டுக்கு ஒரு விசா

1

இன்று காலை கதவுத் துவாரத்தால் விழுந்த கடிதங்களுக்குள் கனடாவிலிருந்து வந்த பளபளப்பான புத்தகம் ஒன்று கிடந்தது. உறையில் ‘மிஸ்டர் சிவா காடா’ என்று அச்சடித்திருந்தது. அப்படி ஒருவர் எங்கள் வீட்டில் இல்லை. என் கணவரின் பெயர் சிவகடாட்சம். வீட்டு வான் வாடகைக்கு விடும் கம்பனியொன்று மூன்று வருடங்களுக்கு முன் அந்தப் பெயரை நடுவில் முறித்து, மிச்சத்தை எறிந்துவிட்டுத் தன் கம்பியூட்டரில் ஏற்றியது. திருத்தச் சொல்லி இரண்டு கடிதம் போட்டோம். இரண்டுக்கும் ‘அன்புள்ள திரு. காடா’ என்று தொடங்கிப் பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தை மாதமும் திரு. காடாவுக்கு ஒரு புத்தகம் வருகிறது.

இவர் அதை எடுத்துக்கொண்டு போய் சோபாவில் இருந்து முதற்பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். நான் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்தப் புத்தகத்தைக் கண்டாலே எனக்குத் தலையிடி தொடங்கிவிடும். ஏன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு முதலில் வீட்டு வான் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். ஒரு லொறியின் முதுகில் வீட்டைத் தூக்கி வைத்ததுபோல் இருக்கும். உள்ளே கட்டில், மேசை, காஸ் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, தலைமாட்டுக்குப் பக்கத்திலேயே கக்கூஸ் எல்லாம் உண்டு. கனடாவிலும் அமெரிக்காவிலும் வெள்ளைக்காரர்கள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இதில் ஏறி மாதக்கணக்காகச் சுற்றுவார்கள். வசதியான வீட்டைப் பூட்டிவிட்டு, வசதியில்லாத வீடொன்றை ஓட்டிக்கொண்டு போவதில் என்ன சுகம் என்று எனக்கு அன்றைக்கும் விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை.

2

தொண்ணூற்றாறாம் ஆண்டு எங்களுக்குக் கலியாணமாகி இருபது வருடம் நிறைந்தது. இங்கே லண்டனில், ஈஸ்ட் ஹாமில் ஒரு மண்டபம் எடுத்து, தெரிந்தவர்களைக் கூப்பிட்டு, வீடியோக்காரரையும் பிடித்து ஒரு சின்ன விழா வைப்போம் என்று நான் நினைத்திருந்தேன். மற்றவர்களின் பிறந்தநாள், சாமத்தியச் சடங்கு, இருபத்தைந்தாம் ஆண்டு என்று போய்ப் போய் மொய் கொடுத்த எங்களுக்கு ஒரு நாள் வரட்டுமே என்ற ஆசை. சேலை நிறம்கூட மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை இவர் வேலையால் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், மண்டபம் வேண்டாம் என்றார். கனடாவில் வினிபெக்கில் இருக்கும் தன் தம்பி கமலனோடு கதைத்துவிட்டாராம். ஆடி மாதம் வினிபெக்கில் ஒரு வீட்டு வான் எடுத்து, தெற்கே இறங்கி அமெரிக்காவுக்குள் புகுந்து, வட டகோட்டா, மொன்டானா என்று அந்தப் பெரிய சமவெளி முழுவதையும் குறுக்கே கடந்து, திரும்பக் கனடாவுக்குள் ஏறி, கல்கரியில் வானை ஒப்படைப்பது. இருபத்திரண்டு நாள். இவர், நான், மகள் மதுரா.

அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒன்றுமில்லை, புல்லும் கோதுமையும் வானமும்தான் என்று சந்தோசமாகச் சொன்னார்.

“அங்கை றோட்டிலை வளைவே இல்லை, வதனி. காலமை ஏறினால் பின்னேரம் வரைக்கும் நேர்.”

“வளைவில்லாட்டி நித்திரை தூங்கிக் கவிழ்த்துப் போடுவியள்,” என்றேன்.

இவர் ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் படம் வரைபவராக இருந்தவர். இங்கே வந்து பஸ் ஓட்டுகிறார். அப்போது ஒன்பதாவது வருடம். ஒரே வழித்தடம். ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் வீதி முனையைத் தாண்டித்தான் அந்த பஸ் போகும். ஒரு நாளைக்கு ஆறு தரம் தன் வீட்டைத் தானே கடந்து போகிற மனிசனுக்கு எங்கேயாவது தொலைய ஆசை வருவது நியாயம்தான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. அந்த மண்டபமும் சேலையும்தான் கண்ணுக்குள் நின்றன.

மதுராவுக்குப் பதினாறு வயது. பரீட்சை முடிந்து விடுமுறைக்குச் சப்பாத்துக் கடையொன்றில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தாள். நாங்கள் தமிழில் ஒரு கேள்வி கேட்டால் ஆங்கிலத்தில் அரைப் பதில் தந்துவிட்டு மாடிக்கு ஏறிவிடுகிற காலம் அது. அன்று மட்டும், தகப்பனுக்கு நன்றாக விளங்கவேண்டும் என்பதற்காக, படியில் நின்று தமிழிலேயே சொன்னாள்.

“இந்தப் பணயத்துக்கு நான் வரமாட்டன்.”

பயணத்தைத்தான் அப்படிச் சொன்னாள். இவர் விழுந்து விழுந்து சிரித்தார். தன்னைக் கேலி செய்வதாக நினைத்து அவள் ஒரு கிழமை எங்களோடு கதைக்கவில்லை.

3

அதற்குப் பிறகு எங்கள் முன்னறை முன்னறையாக இருக்கவில்லை. தரையெல்லாம் வரைபடம். தூசி உறிஞ்சும் மெசினை எடுத்தால் “பொறும், பொறும், மொன்டானாவை மடிக்கிறன்” என்று ஓடி வருவார். எந்த ஊரில் பெற்றோல் அடிப்பது, எங்கே இரவு தங்குவது, எங்கே தண்ணீர் நிரப்புவது என்று சதுரக்கோட்டுத் தாளில் கலர் பென்சிலால் எழுதினார். வினிபெக் கம்பனிக்கு பஸ் டிப்போவிலிருந்து ஃபக்ஸ் அனுப்பினார். அவர்கள் அனுப்பிய புத்தகத்தில் ‘ஸ்லீப்ஸ் சிக்ஸ்’ என்று போட்டிருந்தது. ஆறு மணிக்கு எல்லோரும் படுத்துவிட வேண்டும் என்று ஒரு சட்டமாக்கும் என்றுதான் நான் நினைத்தேன். ஆறு பேர் படுக்கலாம் என்று மதுரா திருத்தினாள். பள்ளிக்கூடச் சமையலறையில் ஐந்து வருடம் ஆங்கிலச் சீமாட்டிகளோடு வேலை செய்தும் இந்த மொழி என்னை விழுத்துவதை நிறுத்தவில்லை.

கக்கூஸ் விசயம் எனக்கு முதலில் தெரியாது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ‘டம்ப் ஸ்டேஷன்’ என்று ஒன்று இருந்தது. குப்பை கொட்டுகிற இடம் என்று இவர் சொல்லிச் சமாளித்தார். கமலன்தான் தொலைபேசியில் உளறிவிட்டான். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை வானின் அடியில் இருக்கும் தொட்டிக்குக் குழாய் பூட்டி, கக்கூஸ் கழிவை நாங்களேதான் திறந்து இறக்க வேண்டுமாம். நான் றிசீவரை வைத்துவிட்டு, இந்த வேலைக்கு நான் வரமாட்டேன், என்னிடம் அதைப்பற்றி ஒரு சொல் கேட்கவும் கூடாது என்றேன். தானே செய்வதாகச் சத்தியம் பண்ணினார்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலால் வந்து கதவைத் திறந்தால், கம்பளத்தில் வெள்ளை ரேப் நாடா ஒட்டியிருந்தது. வானின் தரைப்படத்தை அளவு பிசகாமல் வீட்டுக்குள் இறக்கியிருந்தார். இருபத்திரண்டடி நீளம். எங்கள் முன்னறை பதினாலடிதான். அதனால் வான் முன்னறைக் கதவால் வெளியே வந்து வீட்டின் உள் நடைபாதையில் முடிந்தது. ஓட்டுநர் இருக்கை ஜன்னலுக்குப் பக்கத்தில், கட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால், கக்கூஸ் மாடிப்படிக்குக் கீழே. பின்னேரம் வரைக்கும் மூவரும் அந்தக் கோட்டுக்குள் சீவித்துப் பார்க்க வேண்டுமாம். அப்போதுதான் எங்கே இடிக்கும், எங்கே ஒதுங்கலாம் என்று பிடிபடுமாம்.

என்ன செய்வது. முன்னறைக்குக் கொண்டுவந்த ஒரு காஸ் அடுப்பில், முழங்கை மடக்க இடமில்லாத சதுரத்துக்குள் நின்று நான் சோறும் பருப்பும் ஆக்கினேன். மதுரா மாடியால் இறங்கி நேரே சமையலறைக்குப் போனாள். “பிள்ளை, சுவருக்குள்ளாலை நடக்கிறாய்” என்றார் இவர். அவள் நின்று கீழே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு ரேப்பில் கதவென்று கீறியிருந்த இடத்தால் சுற்றிப் போய், பால் போத்தலை எடுத்துக்கொண்டு, திரும்பவும் கதவாலேயே வந்தாள். அவ்வளவுதான் அவள் அன்று செய்த உபகாரம்.

மூன்று மணிக்கு அழைப்பு மணி அடித்தது. சவுத்தாலிலிருந்து மச்சாள், அதாவது இவருடைய தமக்கை, சொல்லாமல் வந்து நின்றார்.

4

மச்சாள் கூடாத மனிசி இல்லை. எங்களுக்கு முன்பே லண்டன் வந்து, எங்களைக் கூப்பிட்டு, முதல் எட்டு மாதம் தன் வீட்டில் வைத்துப் பார்த்தவர். அதனால் எங்கள் வீட்டில் எதையும் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. அந்த உரிமையை அவர் துருப்பிடிக்க விட்டதேயில்லை.

ரேப்பைத் தாண்டாமல் நடைபாதையில், அதாவது கக்கூசுக்குள், நின்றபடி முழுவதையும் கேட்டார். பிறகு இவரைப் பார்த்துச் சொன்னார்.

“தம்பி, ஊரெல்லாம் எழும்பிப் போய்ப் பள்ளிக்கூடங்களிலையும் மரத்துக்குக் கீழையும் கிடக்கு. எங்கடை வீட்டுக் கூரை இருக்கோ எண்டும் தெரியாது. நீ வீட்டை வானிலை கட்டிக்கொண்டு உல்லாசம் போறியோ? சனம் கேட்டால் நான் என்ன சொல்ல?”

ஆமி நெருங்குகிறதென்று யாழ்ப்பாணமே ஒரே இரவில் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்துபோய் அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. கைக்குழந்தையோடும் சைக்கிளோடும் மழைக்குள் நடந்தவர்களில் என் அக்காவும் ஒருத்தி. அவளிடமிருந்து வந்த ஒரே கடிதம் என் கைப்பைக்குள் இருந்தது. மச்சாள் சொன்னது ஒவ்வொன்றும் நான் இரவில் படுத்துக் கிடந்து நினைத்தது. ஆனாலும் அவர் வாயால் அதைக் கேட்டபோது எனக்குப் பொறுக்கவில்லை.

“மண்டபம் எடுத்து இருநூறு பேருக்குச் சாப்பாடு போட்டிருந்தால் சனம் ஒண்டும் கேட்டிராது மச்சாள்,” என்றேன்.

மண்டபம் கேட்டவள் நான்தான். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாயைக் கடித்துக்கொண்டு பருப்பைக் கிளறினேன். மச்சாள் தேத்தண்ணி குடிக்காமல் போனார். எனக்குப் பிடிக்காத ஒரு பயணத்துக்காக நான் அன்றிலிருந்து ஊரோடு சண்டை பிடிக்க வேண்டியதாகிவிட்டது. அந்த எரிச்சலையும் இவருடைய கணக்கிலேயே எழுதினேன்.

5

எங்களிடம் பாஸ்போர்ட் இல்லை. அகதிகளுக்கு இங்கே கொடுக்கும் பயணப் பத்திரம்தான். ‘இலங்கை தவிர எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும்’ என்று அதில் எழுதியிருக்கும். எல்லா நாடுகளுக்கும் என்று அவர்கள் எழுதிவிட்டார்களே ஒழிய, எந்த நாட்டு விசாக் கந்தோரிலும் அதை நீட்டினால், முன்னால் இருப்பவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, உள்ளே போய், இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வருவார். முதலில் அந்தப் பத்திரங்களையே புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதற்காகக் குரோய்டன் குடிவரவுக் கந்தோரில் இரண்டு முறை விடியக்காலமை வரிசையில் நின்றோம். புதிதாக வந்தவர்கள், கைப்பிள்ளைக்காரர்கள், வழக்கறிஞரின் கடிதத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருப்பவர்கள் என்று கட்டிடத்தைச் சுற்றி நின்ற வரிசையில், நாங்கள் புல்லும் கோதுமையும் பார்க்கப் போவதற்காக நிற்கிறோம் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்தில் நின்ற பெடியன் கேட்டபோது, ஒரு செத்தவீடு என்று பொய் சொன்னேன்.

பிறகு விசாப் படிவங்கள். எங்கள் வீட்டில் கவுன்சில், டாக்டர், பாடசாலை என்று எந்தப் படிவம் வந்தாலும் நிரப்புவது மதுராதான். பத்து வயதிலிருந்து அது அவளுடைய வேலை. வர விருப்பமில்லை என்றவள்கூட, நாங்கள் பிழையாக நிரப்பித் தன் பெயரைக் கெடுத்துவிடுவோம் என்ற பயத்தில் சாப்பாட்டு மேசைக்கு வந்து இருந்தாள். முதலில் அமெரிக்கப் படிவம். கேள்வியை ஆங்கிலத்தில் வாசிப்பாள், இவர் பதில் சொல்வார், அவள் எழுதுவாள். தொற்று நோய் உண்டா, இல்லை. போதைப்பொருள் விற்றதுண்டா, இல்லை. அவள் நிமிராமலே இல்லை, இல்லை என்று கோடு போட்டுக்கொண்டு போனாள்.

எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா என்று வாசித்து, இல்லை என்பதற்கு நேரே பேனையை வைத்துவிட்டாள்.

“ஓம்,” என்றார் இவர்.

அவள் நிமிர்ந்தாள். நான் கத்தியை வைத்துவிட்டேன், வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். அப்பா ஒருமுறை பிடிபட்டது அவளுக்குத் தெரியாது. அப்போது அவளுக்கு ஐந்து வயது. கொழும்புக்கு வேலையாகப் போயிருக்கிறார் என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். பிறகு சொல்ல ஒரு நாளும் வரவில்லை.

பிழையாக விளங்கிக்கொண்டீர்கள், இது குற்றம் செய்து பொலிஸ் பிடிப்பதைக் கேட்கிறார்கள் என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். இல்லை என்றே போடுங்கோ, ஆமி பிடித்தது கைதில்லை, அவர்கள் வழக்குப் போடவும் இல்லை என்று நானும் சொன்னேன். ஊரில் அள்ளிக்கொண்டு போன பெடியள் எத்தனை ஆயிரம். அவர்களெல்லாம் இங்கே ஓம் என்றா எழுதுகிறார்கள்?

“கேக்கிறாங்கள். நடந்தது. ஓம் எண்டு போடு பிள்ளை,” என்றார்.

படம் வரைகிறவர்களிடம் இதுதான் கரைச்சல். அரை அங்குலம் நகர்த்தினால் எல்லாருக்கும் வசதி என்றாலும், இருக்கிற இடத்தில்தான் கோட்டைப் போடுவார்கள்.

6

கனடாப் படிவத்திலும் அதே மாதிரி ஒரு கேள்வி இருந்தது. அவர்கள், என்ன நடந்தது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொன்னார்கள். அதை எழுதவும் மதுராதான் இருந்தாள். ஒரு வியாழக்கிழமைப் பின்னேரம், இவர் ஷிப்ட் முடிந்து யூனிபோமோடு வந்திருந்தார். நான் மேசையில் எதிரே இருந்தேன்.

தேதி சொன்னார். இடம் சொன்னார். காலையில் வேலைக்குப் போகும்போது சந்தியில் வைத்து ஏற்றினார்கள், ஆறு கிழமைக்குப் பிறகு ஒரு காரணமும் சொல்லாமல் விட்டார்கள் என்றார். அவள் அதை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே போனாள். இடையில் பேனையை நிறுத்தி, எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்டாள். அப்போதுதான் இவர் கொஞ்சம் கூடக் கதைத்தார்.

“லொறியிலை குப்புறப் படுக்க விட்டவங்கள். தலை தூக்க ஏலாது. நான் வளைவை எண்ணிக்கொண்டு போனன். அந்தப் பக்கத்து றோட்டெல்லாம் நான் கீறின படம்தானே. எட்டாவது வளைவு வரைக்கும் எங்கை போறம் எண்டு தெரிஞ்சுது. அதுக்குப் பிறகும் திருப்பித் திருப்பிக் கொண்டு போனாங்கள். எனக்குப் பிடிபடேல்லை.”

மதுரா பேனையைத் திரும்ப எடுத்தாள். “அதையும் எழுதட்டோ அப்பா?” என்று தமிழில் கேட்டாள்.

“வேண்டாம். அது அவைக்குத் தேவையில்லை.”

அந்த ஆறு கிழமையும் எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் சோற்றுப் பார்சலோடு முகாம் வாசலுக்கு நடந்தவள் நான். வாங்கமாட்டார்கள், திரும்பக் கொண்டுவருவேன். வந்த பிறகு முதுகுக்கு ஒத்தணம் கொடுத்தவளும் நான். ஆனால் லொறியையும் வளைவுகளையும்பற்றி அதுவரை எனக்கு ஒரு சொல் சொன்னதில்லை. அதற்குப் பிறகும் பத்து வருடம் ஒரே கட்டிலில் படுத்தவளுக்குச் சொல்லாததை ஒரு விசாப் படிவத்துக்குச் சொல்கிறார். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. எழும்பிப் போய், கழுவி வைத்த பானைகளை எடுத்துத் திரும்பவும் கழுவினேன். வளைவில்லாத றோட்டு என்று அவர் மாதக்கணக்காகச் சொன்னபோது நித்திரை தூங்குவீர்கள் என்று பகிடி பண்ணியதும் அப்போது நினைவுக்கு வந்தது. என்மேலேயே எரிச்சலாக இருந்தது. அதையும் பானையில்தான் காட்டினேன்.

7

கனடா விசா வைகாசியில் வந்தது. அமெரிக்காவுக்கு எங்கள் சொந்த எழுத்து போதவில்லை. கைது செய்தவர்களிடமிருந்தே ஒரு பத்திரம் வேண்டும், என்ன குற்றச்சாட்டு, எப்படி முடிந்தது என்று அதில் இருக்க வேண்டும், அதைத் தரும்வரை விண்ணப்பம் அப்படியே கிடக்கும் என்று மரியாதையாக ஒரு கடிதம் வந்தது. எனக்கும் மதுராவுக்கும் தடையில்லை, இவருக்கு மட்டும்தான்.

சந்தியில் நின்றவரை லொறியில் ஏற்றியவர்கள் எந்தக் கந்தோரில் இருந்து பத்திரம் அடித்துக் கொடுப்பார்கள்? குற்றச்சாட்டே இல்லாதபோது குற்றச்சாட்டு எப்படி முடிந்தது என்று யார் எழுதுவது? மதுரா இதையெல்லாம் ஒரு பதிலாக எழுதி அனுப்பினாள். முதற் கடிதத்தின் அதே வசனங்களோடு இரண்டாவது கடிதம் வந்தது.

அந்தக் கிழமை மச்சாள் தொலைபேசியில் எடுத்தார். எப்படித்தான் அவருக்குச் செய்தி போகுமோ தெரியாது. பயணத்தைத் திட்டத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் கொழும்பில் ஆளிருக்கிறார்கள், ஒரு பத்திரம் எடுப்பிக்கலாம், முத்திரையோடு வரும் என்றார். குரல் தணிந்திருந்தது. தம்பியை ஒரு நாடு வாசலில் நிறுத்திவிட்டது என்றதும் உல்லாசமும் சனமும் மறந்துபோய்விட்டன. இவர் றிசீவரை வாங்கி, வேண்டாம் அக்கா என்று மட்டும் சொன்னார்.

வரைபடத்தில் எல்லைக் கோட்டுக்குக் கீழே போட்ட கலர் பென்சில் முழுவதையும் அழித்தார். அழிறப்பர் தூளைக் கையால் கூட்டி எடுத்துப் போட்டார். பிறகு படத்தை மடித்து அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு வேலைக்குப் போய் வந்தார். மூன்று நாளாக வீட்டில் சத்தமில்லை. முன்னறை பழையபடி முன்னறையாகிவிட்டது. நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். அந்த வெறுந்தரையைப் பார்க்க எனக்கு ஏலாமல் இருந்தது.

நாலாம் நாள் மதுரா கதிரை வைத்து ஏறி அதை எடுத்தாள். தரையில் விரித்து, தகப்பனின் அடிமட்டத்தை வைத்து, எல்லைக் கோட்டுக்கு மேலே, வினிபெக்கிலிருந்து ரெஜைனா வழியாகக் கல்கரிக்கு ஒரு கோடு போட்டாள்.

“இங்கையும் நேர்தான் அப்பா. பாருங்கோ.”

இவர் குனிந்து பார்த்தார். ஒரு இடத்தில் அரைக்கால் அங்குலம் சாய்கிறது என்றார். சாய்ந்தால் பரவாயில்லை என்று அவள் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, பரீட்சை முடிவு வரும் நாளைக் கலண்டரில் வட்டமிட்டு, அதற்கு முன் தன்னைத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும் என்றாள். சப்பாத்துக் கடைக்கு எப்போது வரமாட்டேன் என்று சொன்னாளோ எனக்குத் தெரியாது.

8

இருபத்திரண்டு நாள் பதினாலாகச் சுருங்கியது. வினிபெக்கில் கமலன் கொண்டுபோய்விட, கம்பனிக்காரர் ‘வெல்கம் மிஸ்டர் காடா’ என்று கைகொடுத்தார். எல்லாவற்றையும் திறந்து காட்ட இரண்டு மணித்தியாலம். இவர் ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதினார். கழிவுத் தொட்டிக்கு வந்ததும் நான் வானின் மற்றப் பக்கத்துக்குப் போய் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

றோட்டைப்பற்றி இவர் சொன்னது பொய்யில்லை. ரெஜைனாவைத் தாண்டிய பிறகு இரண்டு பக்கமும் பச்சைக் கோதுமை, நடுவில் றோட்டு, அது போய் வானத்துக்குள் புகுந்தது. காலை ஏழு மணிக்குத் தூரத்தில் தெரிந்த தானியக் களஞ்சியம் ஒன்றைப் பிடிக்கவே முக்கால் மணித்தியாலம் ஆனது. நான் முன்னால் இருந்தேன். மதுரா பின்னால் காதில் பாட்டு மாட்டியபடி படுத்திருந்தாள். இவர் நாற்பது மைலுக்கு மேல் அழுத்தவில்லை. பஸ் பழக்கம். வந்த லொறிகளெல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. அலுப்பு அலுப்பாக வந்தது. ஆனால் இவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

பத்து மணிபோல் பின்னால் விளக்குச் சுழன்றது. பொலிஸ் கார்.

இவர் ஒதுக்கி நிறுத்தினார். இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். இளம் பொலிஸ்காரர் ஒருவர் ஜன்னலுக்கு வந்து காலை வணக்கம் சொல்லி லைசென்ஸ் கேட்டார். இவர் அசையவில்லை. திரும்பவும் கேட்டார். இவருக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. எனக்கு வாயில் ஒரு ஆங்கிலச் சொல்லும் வரவில்லை. மதுராதான் பின்னாலிருந்து எழும்பி வந்து, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவால் கையை நீட்டி, லாச்சிப் பெட்டியிலிருந்த லைசென்ஸை எடுத்துக் கொடுத்தாள். தகப்பனின் தோளில் மற்றக் கையை வைத்துக்கொண்டே பேசினாள்.

ஒன்றுமில்லை. பக்கக் கதவின் ஏறுபடி மடிக்காமல் தொங்கிக்கொண்டிருக்கிறது, யாருக்காவது அடிபடும் என்று சொல்லத்தான் மறித்தாராம். காலையில் அதை மடிக்க மறந்தவள் நான். அவரே குனிந்து அதை உள்ளே தள்ளிவிட்டு, நல்ல விடுமுறையாக அமையட்டும் என்று சொல்லிப் போனார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். இவர் எஞ்சினை நிறுத்தி, திறப்பை உருவி எடுத்துக்கொண்டு இறங்கினார். றோட்டோரத் தண்ணிக் கானைக் கடந்து, கம்பி வேலி வரைக்கும் போய், கோதுமையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் இறங்கப் போக, மதுரா “நீங்கள் இருங்கோ அம்மா” என்று சொல்லிவிட்டுத் தான் இறங்கிப் போனாள்.

பக்கக் கண்ணாடியில் இரண்டு பேரும் சின்னதாகத் தெரிந்தார்கள். பிறகு இவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். கையால் வளைத்து வளைத்துக் காட்டினார். அவள் தன் உள்ளங்கையை விரித்து நீட்ட, இவர் அதில் விரலால் ஏதோ கீறினார். அவள் குனிந்து பார்த்துக் கேள்வி கேட்டாள். இவர் திரும்பக் கீறினார். ஒரு கட்டத்தில் அவள் முகத்தைத் துடைத்தாள். இன்னொரு கட்டத்தில் இரண்டு பேரும் சிரித்தார்கள், எனக்கு நிச்சயமாகத் தெரியும், இவருடைய தோள் குலுங்கியது. அரை மணித்தியாலம் அந்த வெய்யிலுக்குள் நின்றார்கள். நான் மட்டும் வானுக்குள்.

திரும்பி வந்தபோது மதுரா முன் இருக்கைக்கு வந்தாள். என்னைப் பின்னுக்குப் போகச் சொன்னார்கள். கல்கரி வரைக்கும் முன் இருக்கை அவளுடையதாகிவிட்டது. என்ன கதைத்தீர்கள் என்று அன்றைக்கே கேட்டேன். “ஒண்டுமில்லை அம்மா” என்றாள். இவரைக் கேட்டேன். சும்மா கதைத்தோம் என்றார்.

இப்போது அவள் லீட்ஸில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்பாள். என்னோடு சாப்பாடும் குளிரும் கதைத்துவிட்டு, அப்பாவிடம் கொடுங்கோ என்பாள். இவர் தொலைபேசியை வயர் எட்டும் தூரத்துக்கு நடைபாதைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்துவார். சில நாள் முக்கால் மணித்தியாலம். நானும் மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஒருவரும் சொல்லவில்லை.

இதை எழுதி முடிக்கப் போகிற நேரத்தில் முன்னறைக்குப் போய் இன்னொருமுறை கேட்டுப் பார்த்தேன், அன்றைக்கு அந்த வேலிக்கரையில் பிள்ளையிடம் என்ன சொன்னீர்கள் என்று.

கண்ணாடியைக் கழற்றி என்னை நன்றாகப் பார்த்தார். ஏதோ சொல்லத்தான் போகிறார் என்று நின்றேன்.

“தேத்தண்ணி இருக்கோ?” என்றார்.